புழுதி விதைப்பு

தண்ணீரைக் கண்ட பிறகு விதைக்கிற ஊர்கள்தான் உலகத்தில் அதிகம். தஞ்சாவூரில் வாய்க்கால் நனைந்தால் நாற்றங்காலுக்குப் போவார்கள். இரணைமடுக் குளத்துக்குக் கீழே மதகு திறந்தால் சேறடிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் காய்ந்த புழுதியில் நெல்லை எறிந்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். குடாநாட்டுக்கு மலை கிடையாது, ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. ஐப்பசி மழை வரும் என்று வீட்டில் இருந்த நெல்லை எடுத்து மண்ணில் போடுவோம். வந்தால் சோறு.

இதற்குப் பெயர் புழுதி விதைப்பு. நான் பிறந்து வளர்ந்த அராலியில் ஆவணி பிற்பகுதியிலேயே அது தொடங்கிவிடும். சித்திரையில் பெய்கிற சிறுமழையோடு ஒருமுறை உழுது போட்ட நிலம், ஆடிச் சோளகக் காற்றில் காய்ந்து காய்ந்து மாவாகிக் கிடக்கும். கால் வைத்தால் கணுக்கால் மறையும். அந்தப் புழுதியில் ஐயா விதைத்துக்கொண்டு போவது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. இடது இடுப்பில் ஓலைக் கடகம். வலக்கை உள்ளே போய் ஒரு பிடி அள்ளும். இரண்டு எட்டு வைப்பார். மூன்றாவது எட்டில் மணிக்கட்டு திரும்பும். நெல்லு விரல்களுக்கிடையால் வழுகி அரைவட்டமாக விழும். ஓரிடத்தில் குவியாது, ஓரிடம் வெறுமையாகவும் கிடக்காது. நானும் ஒரு பிடி வாங்கி எறிந்து பார்த்தேன். கோழிக்குத் தீன் போட்டதுபோல முன்னால் குமிந்து கிடந்தது.

"கையை வீசாதை பிள்ளை. மணிக்கட்டைத் திருப்பு" என்றார் ஐயா. அந்த ஒரு பாடத்தை முழுதாகப் படிக்க எனக்கு இருபது வருடம் எடுத்தது.

விதைத்தபின் மாடு பூட்டி மறுத்து உழுது நெல்லை மூடுவார்கள். அதோடு மனிதன் செய்யக்கூடியது முடிந்துவிடும். எறும்பு இழுக்கும், புறா பொறுக்கும். அரைகுறையாக ஒரு மழை தூறி, முளை விட்ட நெல்லு அடுத்த பத்து நாள் வெயிலில் கருகிப்போகிற வருடமும் உண்டு. அப்படி நடந்தால் இன்னொருமுறை விதைக்க நெல்லு வேண்டும். அதனால்தான் எங்கள் வீட்டில் விதைநெல்லை இரண்டு பங்காகக் கட்டி வைப்பது வழக்கம். இரண்டாவது சாக்கில் யாரும் கைவைக்க முடியாது. எத்தனை பசி வந்தாலும் மழை நிச்சயமாகும்வரை ஆச்சி அதை அவிழ்க்கவே விடமாட்டா.

ஆச்சிக்கு வானத்தைப் படிக்கத் தெரியும். மாலையானால் முற்றத்தில் சாக்குக் கட்டில் போட்டு வடகிழக்கைப் பார்த்துக்கொண்டு கிடப்பா. சோளகம் எப்போது விழுகிறது, கச்சான் எத்தனை நாள் நிற்கிறது, வாடை எந்த இரவில் முதலில் தலைகாட்டுகிறது என்பதெல்லாம் அவவுக்குத் தோலில் தெரிந்தது. ஒருநாள் நடுச்சாமத்தில் ஓட்டுக்கூரையில் சத்தம் கேட்கும். யாரும் யாரையும் எழுப்பத் தேவையில்லை. வீடு முழுவதும் விழித்துக்கொண்டு இருட்டுக்குள் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும். மழை நிற்காமல் அரைமணி தாண்டினால் ஆச்சி எழும்பி விளக்கைக் கொளுத்தித் தேத்தண்ணி வைப்பா. அந்த இரவுத் தேத்தண்ணியின் ருசி எனக்கு வேறு எந்தத் தேத்தண்ணியிலும் கிடைத்ததில்லை.

எங்களிடம் இருந்தது 24 பரப்பு. 16 பரப்பு ஓர் ஏக்கர் என்பது எங்கள் கணக்கு. ஆக ஒன்றரை ஏக்கர். வயலுக்கு ஒரு பக்கம் வட்டுக்கோட்டைப் பனங்கூடல், மறுபக்கம் தூரத்தில் கடல்நீரேரியின் வெளிச்சம். நடுவில் வழுக்கையாறு. ஆறென்று பெயர்தானே ஒழிய, கோடையில் அதில் ஆடு மேயும். தெல்லிப்பளைப் பக்கத்து மழைநீர் அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் என்று குளம் குளமாக நிரப்பிக்கொண்டு வந்து அராலியில் கடலைத் தொடும். கார்த்திகை, மார்கழியில் மட்டும் அது உண்மையிலேயே ஆறாகிவிடும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் மதகில் நின்று மீன் துள்ளுவதைப் பார்த்து, வீட்டில் அடி வாங்கிய பிள்ளைகள் எங்கள் ஊரில் ஏராளம். கடல்நீர் மேலே ஏறிவிடாமல் அராலியில் தடுப்பணை இருக்கிறது. அது சரியாக மூடப்படாத வருடங்களில் உவர் ஏறி, கீழ்ப்பக்கத்து வயல்களில் நெல்லு மஞ்சளாகி நிற்கும்.

இந்த வயல்கள் வருடத்தில் ஒரு போகம்தான். காலபோகம். மற்ற மாதங்களில் மாடு மேய்கிற, பெடியள் பந்தடிக்கிற வெளி. யாழ்ப்பாணத்துக் கமக்காரனுக்குக் காசு தந்தது புகையிலையும் வெங்காயமும் மிளகாயும்தான். அவையெல்லாம் செம்மண் தோட்டத்தில், கிணற்றுத் தண்ணீரில் விளைந்தவை. நெல்லு காசு தரவில்லை. கூலியும் உழவும் எருவும் கணக்குப் போட்டால் கையைக் கடிக்கும். குடாநாட்டின் நெல்லு குடாநாட்டின் வயிற்றை ஒருபோதும் முழுதாக நிரப்பியதும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே பர்மாவிலிருந்து கப்பலில் வந்த ரங்கூன் அரிசியைத் தின்றவர்கள்தான் நாங்கள். 1942இல் பர்மா யப்பானியர் கையில் விழுந்தபோது அந்த அரிசி நின்றது. ஆச்சி அதைச் சொல்லும்போது யுத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டா. "அந்த வருஷம் குரக்கனும் ஒடியலும்தான். வயல் வைச்சிருந்தவன் வீட்டிலை மட்டும் பொங்கலுக்குப் புக்கை பொங்கிச்சுது" என்பா.

எனக்குப் பத்து வயதானபோது அந்தப் பேச்சின் பொருள் விளங்கியது. 1973, 74. கூப்பன் அரிசி குறைந்துபோயிற்று. பாண் வாங்க விடியற்காலை நான்கு மணிக்கு வரிசை. மரவள்ளியை அவித்தும் சுட்டும் பொரித்தும் சாப்பிட்டு அலுத்த காலம். எங்கள் 24 பரப்பில் அந்தத் தையில் ஏறத்தாழ 40 புசல் கண்டது. ஒரு புசல் 21 கிலோ அளவில் வரும். பங்கு, வாரம், விதை எல்லாம் போக, ஏழு பேர் இருந்த வீட்டுக்கு அது ஆறு மாதச் சோறு. மீதி ஆறு மாதத்துக்கு இருக்கிறதை வைத்துச் சமாளித்தோம். ஆனால் நெல்லு இருந்த ஆறு மாதம் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாரும் வரிசையில் நிற்கவில்லை.

இளம்பயிருக்குள் தண்ணீர் தேங்கி நிற்கிற கார்த்திகை மாதம்தான் வயல் மிக அழகு என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அது களை பிடுங்கும் மாதம். கோரையும் கோழிச்சூடனும் நெல்லோடு சேர்ந்து வளரும். கோழிச்சூடன் சின்னதாக இருக்கும்போது நெல்லைப் போலவே இருக்கும். தெரியாதவர்கள் நெல்லைப் பிடுங்கிவிட்டுக் களையை விட்டுவிடுவார்கள். அடித்தண்டைத் தடவிப் பார்க்கச் சொல்லித் தந்தது எங்கள் வயலுக்கு வேலைக்கு வந்த ஒரு பெண். இலை தண்டைத் தொடுகிற இடத்தில் நெல்லுக்கு மெல்லிய நாக்குப் போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், கோழிச்சூடனுக்கு அது இராது. பிற்காலத்தில் ஆசிரியையாகித் தாவரவியல் படிப்பித்தபோது இதையே புத்தகத்தில் பார்த்தேன். எழுதப் படிக்கத் தெரியாத அவளிடம் நான் அதை ஒன்பது வயதில் படித்திருந்தேன்.

அவளைப் பற்றி எழுதாமல் இந்த வயலைப் பற்றி எழுதினால் அது பொய். ஆச்சியின் வயது அவளுக்கு. நாங்கள் சிறுபிள்ளைகள் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம்; அவள் எங்களை "நாச்சியார்" என்றாள். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன். அருவி வெட்டுக் காலத்தில் அவளும் அவளுடைய மருமக்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். வாடைக்காற்றில் பல் கிடுகிடுக்கிற விடியற்காலையில் இறங்கினால் வெயில் ஏறும்வரை நிமிரமாட்டார்கள். வெட்டியதை உப்பட்டி உப்பட்டியாக வரிசையில் கிடத்திக்கொண்டு போவார்கள். பத்து மணிக்கு அம்மா கூழ் காய்ச்சித் தருவா. பானையைத் தலையில் வைத்துக்கொண்டு வரம்பில் விழாமல் நடப்பது என் வேலை.

வயலில் எல்லாருக்கும் பனையோலைப் பிளாதான். ஐயாவும் பிளாவில் குடிப்பார், அவளும் பிளாவில் குடிப்பாள், நானும் குடிப்பேன். ஒரே பானைக் கூழ். ஆனால் அதே ஆட்கள் சூடு வைத்து முடிந்து எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்தால் எங்களுக்குக் கோப்பை, அவர்களுக்குச் சிரட்டை. பக்கத்துச் சங்கானையில் தேநீர்க் கடைகளில் சமமாக இருந்து குடிக்கும் உரிமைக்காக 1960களின் கடைசியில் பெரிய போராட்டமே நடந்து முடிந்திருந்தது. கடைகள் மாறத் தொடங்கின. வீட்டு முற்றங்கள் மாறவில்லை. அந்தச் சிரட்டைகளைக் கழுவி வேலியோரம் கவிழ்த்து வைத்தவர்களில் நானும் ஒருத்தி. பழைய வயல்வாழ்வைப் பற்றி எழுதுகிற எங்கள் ஆட்கள் பலர் இந்த இடத்தை விரைவாகக் கடந்துபோகிறார்கள். ஊரே ஒன்றாகக் கூடி உழைத்தது என்பது உண்மை. நிலம் யாருடையது, குனிந்த முதுகு யாருடையது என்பதும் அதே அளவு உண்மை. அந்த நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்த நான் இதை மறைத்தால் அது நன்றிகெட்டதனம்.

வெட்டிய கதிரைக் களத்தில் சூடாக அடுக்கி வைப்பார்கள். கதிர் உள்ளே, தாள் வெளியே, மழை வந்தாலும் நனையாதபடி வட்டமாக. சூடு மிதிப்பது இரவில். பகல் வெயிலில் காய்ந்த கதிர் இரவில் மாட்டின் காலடியில் இலகுவாக உதிரும் என்பது ஒரு காரணம். மாட்டுக்கும் ஆளுக்கும் களைப்புக் குறைவு என்பது இன்னொன்று. நாலைந்து மாடுகளைப் பிணைத்து நடுக்கட்டையைச் சுற்றி நடத்துவார்கள். நிலவு இருந்தால் விளக்கே வேண்டாம். களத்தில் செருப்புப் போடக்கூடாது. "இல்லை", "முடிஞ்சுது" என்ற சொற்களை எடுக்கக்கூடாது. "பொலி" என்றுதான் எதற்கும் சொல்ல வேண்டும். எங்கள் களத்தில் பெண்களுக்கு இடம் இல்லை. நான் சின்னவள் என்பதால் பெரியப்பாவின் பக்கத்தில் வைக்கலில் படுத்துக்கிடக்க விட்டார்கள். வயது வந்தபின் அந்த அனுமதி நின்றுபோயிற்று. அதனால் என் களத்து நினைவுகள் எல்லாம் பன்னிரண்டு வயதுக்குள் முடிந்துவிடுகின்றன. வைக்கலின் சூடு, மாட்டு மூச்சு, பெரியப்பாவின் சுருட்டு நெருப்பு இருட்டுக்குள் மேலும் கீழும் போவது, பாதித் தூக்கத்தில் எங்கேயோ கேட்கிற அவருடைய அதட்டல்.

விடிந்ததும் தூற்றல். காற்று இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டும். பதர் பறந்து, பொலி குவிந்ததும் பெரியப்பா கொத்தால் அளப்பார். முதல் கொத்துக்கு "ஒன்று" இல்லை, "லாபம்". பிறகு இரண்டு, மூன்று. முதலில் கோயிலுக்கு அளந்து வைப்பார்கள். பிறகு தச்சருக்கு, கொல்லருக்கு, துணி வெளுத்தவருக்கு, முடி வெட்டியவருக்கு. வருடம் முழுக்கக் காசு வாங்காமல் கலப்பை செதுக்கியவருக்கும் தாக்கத்தி தீட்டியவருக்கும் களத்தில்தான் கணக்குத் தீரும். வெட்டியவர்களுக்குக் கூலி நெல்லாக. பொதுவாக எல்லார் பெட்டியும் நிரம்பிய நாள் அது ஒன்றுதான். அளவில் யாருக்குக் கை இறங்கியது, யாருக்கு ஏறியது என்ற முணுமுணுப்பும் அன்றுதான் அதிகம் கேட்கும்.

புதுநெல்லைச் சாமிக்குக் காட்டாமல் வாயில் வைப்பதில்லை. முதற்கதிர் எடுத்து வருவதைப் புதிர் எடுத்தல் என்போம். தைப்பூசத்தை ஒட்டி நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் அது பெரிய சடங்கு. தென்மராட்சி மறவன்புலவில் கோயிலுக்குச் சொந்தமான வயலில் கதிர் அறுத்து வண்டியில் கொண்டுவந்து புதிர் படைப்பார்கள். எங்கள் வீட்டில் அவ்வளவு பெரிய ஏற்பாடு இல்லை. ஆச்சி ஒரு பிடி கதிரைச் சாமியறை வாசலில் கட்டுவா. அடுத்த தைவரை அது அங்கேயே இருக்கும். ஒவ்வொரு மணியாக எலி தின்று, கடைசியில் வெறும் தாள் தொங்கும்.

நெல்லு வீட்டுக்கு வந்தபின் அது பெண்களின் ஆட்சி. அவிக்கிற நெல்லுக்கு முதல்நாள் ஊறல். மறுநாள் பெரிய பானை ஏறும். உமி பிளக்கத் தொடங்குகிறபோது எழும்புகிற அந்த ஆவியின் மணம் தெரு முனையிலேயே தெரியும். பள்ளிக்கூடத்தால் வரும்போது யார் வீட்டில் இன்றைக்கு நெல்லவிக்கிறார்கள் என்று மூக்கால் சொல்லிவிடுவோம். பிறகு முற்றத்தில் பாய் விரித்துக் காயவைப்பது. காலால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்துவிட்டதா என்பதற்கு ஆச்சியிடம் ஒரே அளவைதான் இருந்தது. ஒரு நெல்லை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடிப்பா. "டிக்" என்று உடைந்தால் காய்ந்துவிட்டது. நசிந்தால் இன்னும் வேண்டும். மாவாக உதிர்ந்தால் பிந்திவிட்டது, குத்தும்போது குறுணலாகப் போகும். கடைசிக் காலத்தில் பல் விழுந்தபின் என்னைக் கூப்பிட்டுக் கடிக்கச் சொல்லி, சத்தத்தைக் காதால் கேட்டுத் தீர்ப்புச் சொல்வா. நாங்கள் இரண்டு பேரும் முகத்தோடு முகம் வைத்து நிற்போம், ஒரு நெல்லு உடைகிற சத்தத்துக்காக.

இப்போது நெல்லின் பெயருக்கு வருகிறேன். பச்சைப்பெருமாள், முருங்கைக்காயன், ஆட்டக்காரி, மொட்டைக்கறுப்பன். இவை எங்கள் வயல்களில் நின்ற பெயர்கள். 1950களின் பிற்பகுதியில் பத்தலகொட ஆராய்ச்சி நிலையம் எச் 4 என்ற புதுநெல்லை வெளியிட்டது. முருங்கைக்காயனை இந்தோனேசிய நெல் ஒன்றோடு இணைத்துப் பிறந்த பிள்ளை அது. சில வருடங்களில் இலங்கை முழுவதும் பரவியது. எங்கள் ஊரிலும் வந்தது. விளைச்சல் கூட்டித் தந்தது. ஐயா அதை மனமார வரவேற்றார். பசித்த நாட்டுக்கு அது பெரிய உதவி, அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆச்சி மட்டும் மூன்று பரப்பை விட்டுக்கொடுக்கவில்லை. அதில் மொட்டைக்கறுப்பன்தான் விதைக்க வேண்டும். "உங்கடை நெல்லு மூட்டையை நிரப்பும். இது வயித்திலை நிக்கும்" என்பா. சிவத்த அரிசி. அந்த மாவில் அவித்த புட்டைக் காலையில் சாப்பிட்டால் மத்தியானம்வரை பசி தெரியாது. காய்ச்சல் வந்த பிள்ளைக்கும் பிள்ளை பெற்ற வீட்டுக்கும் அந்தக் கஞ்சிதான் போகும். கேட்டு வருகிறவர்களுக்கு ஆச்சி சுண்டுக் கணக்கில் அளந்து கொடுப்பா. காசு வாங்கமாட்டா.

பிறகு யுத்தம். 1990இலிருந்து குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை. யூரியா தடைப்பட்ட பொருள், மண்ணெண்ணெய் கிடைத்தால் அதிர்ஷ்டம். உழவு இயந்திரங்கள் கொட்டிலுக்குள் நின்றன. விற்றுவிட்ட மாடுகளைத் தேடித் திரும்ப வாங்கினோம். பூவரசங்குழை வெட்டித் தாழ்த்தினோம், பட்டி கட்டினோம். புதுநெல்லு யூரியா இல்லாமல் முகம் வாடி நின்றது. பழைய நெல்லுக்கு எருவும் குழையும் போதுமாக இருந்தது. ஐயா ஒன்றும் பேசாமல் 24 பரப்பிலும் மொட்டைக்கறுப்பன் விதைத்தார். ஆச்சி அதைப் பார்க்க இருக்கவில்லை.

1995 ஒக்டோபர் 30. அந்த வருடம் மழை நன்றாகத் தொடங்கியிருந்தது. பயிர் ஒரு சாண் உயரம். யுத்தம் நெருங்கியதால் மாலையில் ஊரை விட்டுப் புறப்படச் சொன்னார்கள். எங்கள் வலிகாமப் பகுதியே நடந்தது. மழையில், இருட்டில், செம்மணி வெளியூடாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கான சனம். ஒரு அடி நகர அரைமணி. வீதிக்கு இருபக்கமும் யாரோ ஒருவரின் இளம்பயிர் தண்ணீரில் நின்றது. நெரிசலில் சனம் வயலுக்குள் இறங்க வேண்டி வந்தபோது, ஐயா எங்களை வரம்பாலேயே நடக்கச் சொல்லி அதட்டினார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற நேரத்திலும் மற்றவன் பயிரை மிதிக்க அவரால் முடியவில்லை. எனக்கு அப்போது கோபம் வந்தது. இன்றைக்கு அந்த இரவில் நான் பெருமையோடு நினைக்கிற ஒரே விஷயம் அதுதான்.

அடுத்த வருடம் சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்தோம். வீட்டில் கூரை இல்லை. விதைநெல்லுச் சாக்குகள் இல்லை. வயலில் போய்ப் பார்த்தால், வெட்ட ஆளில்லாமல் முற்றி, உதிர்ந்து, மாடு மேய்ந்து, தாள் மட்டும் காய்ந்து கிடந்தது. கிளியும் புறாவும் தின்றது போக மீதி மண்ணோடு மண்ணாக. ஐயா வரம்போரம் குந்தியிருந்து விரலால் மண்ணைக் கிளறினார். பிறகு அம்மாவிடம் விளக்குமாறும் சுளகும் கேட்டார். மூன்று பேருமாக நான்கு நாள் வரம்பு வரம்பாகக் கூட்டிப் புடைத்தோம். கல், கட்டி, ஆட்டுப்புழுக்கை, நெல்லு. எல்லாம் கழித்துப் பார்த்தபோது ஏழு கொத்து வந்தது. ஒன்றை எடுத்து நான் முன்பல்லில் கடித்தேன். "டிக்" என்றது.

அந்த ஏழு கொத்தை முதல் வருடம் இரண்டு பரப்பில் போட்டோம். அதில் கண்டதில் ஒரு மணி சமைக்கவில்லை. மூன்றாம் வருடம் எல்லாப் பரப்புக்கும் காணும் அளவுக்கு வந்தது. இன்றைக்கு எங்களிடம் இருப்பது அந்த நெல்லின் வழி.

ஐயா போய்விட்டார். நான் ஓய்வுபெற்று வயலைப் பார்க்கிறேன். லான்ட்மாஸ்டர் உழுகிறது, வெட்டு மிசின் வந்து ஒரு மணித்தியாலத்தில் வெட்டி, அடித்து, சாக்கில் கட்டித் தந்துவிட்டுப் போகிறது. முதுகு ஒடிய வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் படித்து உத்தியோகம் பார்க்கிறார்கள். மிசின் வந்ததற்காக நான் கண்ணீர் விடப்போவதில்லை. 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடைசெய்து நாட்டை இயற்கை விவசாயத்துக்கு மாற்ற வெளிக்கிட்டார்கள். அந்த வருடம் முடியுமுன்னே தடையை எடுக்கவும் வேண்டி வந்தது. யூரியாவுக்குப் பழகிய நெல்லும் யூரியாவுக்குப் பழகிய மண்ணும் ஓர் அறிவித்தலில் மாறாது. மாடு வேண்டும், குழை வேண்டும், அதற்கேற்ற விதை வேண்டும், நாலைந்து வருடப் பொறுமை வேண்டும். பொருளாதாரத் தடைக்காலத்தில் அதைச் செய்த எங்களிடம் யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

இப்போது எனக்குள்ள கவலை வேறு. வயல்வெளியில் லொறி லொறியாகக் கல்லும் மண்ணும் கொட்டுகிறார்கள். வீதிக்கரை வயல் என்றால் பரப்பு விலை பல இலட்சம். வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் விற்கிறார், வாங்கியவர் நிரவி மதில் கட்டுகிறார். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி நெற்காணியை அனுமதியில்லாமல் நிரவ முடியாது. சட்டம் இருக்கிறது, மதிலும் எழும்புகிறது. "அந்த வயலிலை என்ன பெரிசாக் கண்டது, வருஷம் பத்துச் சாக்கு" என்று கேட்கிறார்கள்.

கண்டது தண்ணீர். எங்கள் ஊரின் அடியில் இருப்பது சுண்ணக்கல். அதற்குள் நன்னீர் ஒரு வில்லையாக உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. அதை நிரப்புவது வானம் மட்டும்தான். ஆண்டில் 1,200 மில்லிமீற்றர் சொச்சம், அதில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை. அந்த மூன்று மாதத்தில் மழையைப் பிடித்து நிறுத்தி மண்ணுக்குள் இறக்கியவை குளங்களும் வரம்பு கட்டிய வயல்களுமே. மார்கழி வெள்ளத்தில் பக்கத்து வயல்காரர் வரம்பை வெட்டிக் கடலுக்கு விடப் பார்த்தால் ஆச்சி மழைக்குள் ஓடிப்போய்ச் சண்டை பிடிப்பா: "வெட்டாதையுங்கோ, தண்ணி கிணத்துக்குப் போகட்டும்!" அப்போது அது எனக்குக் கிழவியின் பிடிவாதமாகத் தெரிந்தது. இப்போது எங்கள் ஒழுங்கையில் நிரவிய வயல்களுக்குப் பக்கத்துக் கிணறு ஆனியிலேயே உவர்க்கிறது. எங்கள் வயலோரக் கிணற்றை ஆவணிவரை வாய்வைத்துக் குடிக்கலாம். மழை வந்தால் மதிலுக்கு உள்ளே இருக்கிறவர்களுக்கு வெள்ளம், கோடையில் அவர்களுக்கே பவுசர் தண்ணீர். காசு தராத நெல்லை எங்கள் முன்னோர் ஏன் விடாமல் விதைத்தார்கள் என்று நான் பலகாலம் யோசித்ததுண்டு. நெல்லை விட்டால் வரம்பைக் கட்ட ஆளிராது. வரம்பு போனால் கிணறு போகும். கிணறு போனால் புகையிலையும் இல்லை, வெங்காயமும் இல்லை, ஊரும் இல்லை.

ஆகவே அராலியிலோ சங்கானையிலோ கைதடியிலோ மட்டுவிலிலோ கரவெட்டியிலோ உங்கள் பெயரில் வயல் இருந்து, நீங்கள் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ கொழும்பிலோ இருந்து இதை வாசிக்கிறீர்கள் என்றால், ஒன்று கேட்கிறேன். விற்க அவசரப்படாதீர்கள். விதைக்கக்கூடிய ஒருவரிடம் குத்தகைக்குக் கொடுங்கள். குத்தகை நெல்லு உங்கள் ஊர்க் கோயில் மடப்பள்ளிக்கோ பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மத்தியானச் சோற்றுக்கோ போகட்டும். காலங்காலமாக மற்றவர் நிலத்தில் குனிந்தவர்களின் பிள்ளைகள் யாராவது கேட்டால், முதலில் அவர்களுக்குக் கொடுங்கள்.

ஊரில் இருந்து விதைக்க நினைப்பவர்களுக்கு: இந்த வருடம் எங்கள் வீட்டில் மொட்டைக்கறுப்பன் விதைநெல்லு மூன்று புசல் மேலதிகமாக இருக்கிறது. காய்ந்த நெல்லு, கடித்துப் பார்த்தே கட்டி வைத்திருக்கிறேன். ஆவணி பிறக்குமுன் சாக்கோடு வாருங்கள். காசு வேண்டாம். தையில் சூடு அடித்தபின், கொண்டுபோன அளவைத் திருப்பி அளந்து தந்தால் போதும்.